மாமா எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது

வானொலிப் பெட்டிக்கு லைசென்ஸ் பெற்றவர் பாட்டும் செய்தியும் கேட்கலாம். தமக்கு அனுப்பப்படாத தகவல் தற்செயலாகக் காதில் விழுந்தால் அதை வேறு யாருக்கும் சொல்லக் கூடாது. விதி இவ்வளவு தெளிவாக இருக்க, பாறசாலைக்கு அருகில் எங்கள் வீட்டு முன்னறையில் ஊரில் பாதிப் பேர் கூடி, என் மாமா ஆகாயத்திலிருந்து பேசுவதைக் கேட்டார்கள். ஏற்பாடு அப்பாவுடையது. அவர் நெய்யாற்றின்கரையில் வக்கீல் குமாஸ்தா. சட்டம் தெரியாதவர் என்று சொல்வதற்கில்லை.

மாமா அம்மாவின் தம்பி. திருவனந்தபுரத்தில் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். அன்று அவர் தனியாகப் பறக்க வேண்டிய நீண்ட பயணம். அது முடிந்தால் விமானி லைசென்ஸ் கிடைக்கும். முந்தின வாரமே வந்து எங்கள் பெட்டியின் சிற்றலை முள்ளை ஓரிடத்தில் நிறுத்தி, பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். விமானமும் விமான நிலையமும் அந்த ஓர் அலைவரிசையில்தான் பேசிக்கொள்ளும். முதலில் நிலையத்தின் பெயர், பிறகு தன் அடையாளம், இருக்கும் இடம், உயரம். கடைசியில் 'ஓவர்' சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

"அந்தச் சும்மா இருக்கதுதான் கஷ்டம், அக்கா" என்று அம்மாவிடம் சிரித்தார்.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். எங்கள் ஊர் தமிழகத்தோடு சேர வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. கூடாது என்பது பக்கத்து வீட்டு மலையாள வாத்தியாரின் கட்சி. இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஆனாலும் வாத்தியார் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். விமானத்துக்குக் கட்சி கிடையாதே.

கரகரப்புக்கு நடுவே மாமாவின் குரல் வந்தது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அப்பா தமிழில் சொல்ல, கைதட்டினோம். அடுத்த தடவை மாமா நிலையத்தின் பெயரை விட்டுவிட்டார். அதற்கடுத்த தடவை அப்பா மொழிபெயர்க்கவில்லை. வாத்தியார்தான் திருப்தியோடு சொன்னார்:

"உம்ம மச்சினனுக்கு வழி தெரியல்லியாம், வே. மேகம் மூடிப்போச்சாம். பெட்ரோலும் கொறவாம்."

மாமாவின் குரல் நடுங்கிற்று. கீழே என்ன தெரிகிறது என்று நிலையத்துக்காரர் நிதானமாகக் கேட்டார். மேக இடுக்கில் தென்னை, என்றார் மாமா. எங்கும் தென்னை. யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. மாமாவைப் பற்றிப் பள்ளியில் நான் அளந்தது கொஞ்சமல்ல.

அப்போது ஓட்டுக்கு மேல் இரைச்சல் கேட்டது. மாமா எங்கள் தலைக்கு நேர் மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தார். ஊர்ப் பெயர் தெரிந்து அவர் சொன்னால் போதும், எந்தத் திசையில் வர வேண்டும் என்று நிலையம் சொல்லிவிடும். எங்கள் பெட்டியோ கேட்க மட்டும் ஆனது.

"ஊர்ப் பேரை எழுதிக் காட்டுங்க!" என்று கத்தியபடி அம்மா கொடியில் கிடந்த வேட்டிகளை வாரிக்கொண்டு எதிரேயிருந்த மிஷன் பள்ளி மைதானத்துக்கு ஓடினாள். எல்லாரும் பின்னால் ஓடினோம். அப்பா வேட்டிகளை நீளமாக மடித்து, முதல் எழுத்தைத் தமிழில் விரித்தார். வாத்தியார் ஒரு வேட்டியின் மேல் ஏறி நின்றார்.

"மலையாளத்தில எழுதும். இது திருவிதாங்கூர் மண்ணாக்கும்."

"எனக்க மச்சினன், எனக்க வேட்டி. காலை எடும், வே."

"மைதானமும் உமக்குள்ளதா?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் விரித்தது, மறுபக்கம் இழுத்தது. நடுவில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எந்த எளவிலயாவது எழுதுங்களேன்! மேல நிக்கது எனக்க தம்பியாக்கும்!"

மாமா இரண்டு மொழியும் தடையின்றி வாசிப்பார். அது இருவருக்கும் தெரியும். அவர்கள் மூச்சு வாங்க நின்றபோது இரைச்சல் மேற்கே போய்த் தேய்ந்திருந்தது.

மாமா பூவாறு கடற்கரை மணலில் இறங்கினார். விமானம் குப்புறக் கவிழ்ந்தது. இடது கால் முறிந்தது. லைசென்ஸ் பேச்சும் அதோடு முடிந்தது. மைதானத்தில் நடந்ததைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. அவமானம் முழுவதும் மாமாவின் கணக்கில் போயிற்று. ஊர் கேட்கக் குரல் நடுங்கியவர் என்று, நொண்டி நடக்கும் அவரோடு சேர்ந்து போகவே நான் கூசினேன். வழி தவறியவர் உடனே அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் முறை. அன்று முறைப்படி நடந்தவர் மாமா ஒருவர்தான் என்பது எனக்கு உத்தியோகத்துக்குப் போன பிறகே புரிந்தது.

காலின் கட்டுப் பிரித்த அன்று மாமா அப்பாவிடம் கேட்டார்:

"அத்தான், மேகம் விலகினப்ப கீழ வெள்ளையா ஒண்ணு கண்டேன். சுத்தி ஆளுகளும் நின்னாவ. என்ன எழுதியிருந்திய?"

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அதன்பின் மாமா வரும்போதெல்லாம் அவருக்கு வெளியே ஏதாவது வேலை இருந்தது. கடைசியில் எல்லை பிரிந்து, எங்கள் ஊர் கேரளத்தில் நின்றுவிட்ட நாளில், தாமே மாமாவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணும் எழுதல்ல மக்கா. எதில எழுதணும்னு சண்டை போட்டோம்."

அது 1956 நவம்பர் முதல் தேதி.