நம்மாளுக்குச் சொன்ன விலை

"அத்தா மௌத்தாயிட்டாங்க, அங்கிள். அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்று காசிம் அண்ணனின் மகன் தொலைபேசியில் சொன்னபோது, எனக்கு அழுகைக்கு முன்னால் வந்தது வெட்கம்தான்.

சூலியா தெருவில் பத்திக் சட்டைகளும் பிரம்புக் கூடைகளும் விற்றவர் அவர். எதிர் மாடியில் என் அலுவலகம். சாயங்காலம் கடைக்குப் போனால் பேச்சுக்குக் குறைவிருக்காது. நம் ஊரில் வெள்ளி என்றால் ரிங்கிட்; ஐந்து வெள்ளி நோட்டும் பச்சை, ஐம்பதும் பச்சை. வெள்ளைக்காரர்கள் மாற்றி நீட்டிவிடுவார்கள். அண்ணன் அதை அவர்கள் கண்முன்னே விரித்துப் பிடித்து, "திஸ் ஒன் பிஃப்டி, கேர்புல் லா" என்று திருப்பிக் கொடுப்பார். "தெரியாமக் குடுத்த காச வாங்கிட்டுப் போயி வீட்டுல எப்படித் தம்பி சோறு திங்கிறது?" என்பார்.

அவரிடம் இரண்டு விலை உண்டு. பேரம் பேசுவார்கள் என்று ஏற்றிச் சொல்வது ஊர் விலை. தெரிந்தவர்களுக்கு ஒரே பேச்சாகச் சொல்வது நம்மாள் விலை. அதில் அவருக்கு மிஞ்சுவது ஒன்றிரண்டு வெள்ளிதான். அந்த விலைக்கு யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

போன வருடம் என் மனைவியின் அண்ணன் மதுரையிலிருந்து வந்தார். அழைத்துப் போய், "நம்ம மச்சான்" என்று அறிமுகப்படுத்தினேன்.

"அப்ப நம்மாளுதான். சட்ட முப்பத்தஞ்சு வெள்ளி, எடுத்துக்கிடுங்க" என்றார் காசிம் அண்ணன்.

மச்சான் சிரித்தார். "பாதியா முடிங்க பாய். பதினேழு."

சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டுத்தான் அவருக்குப் பழக்கம். எனக்குக் காது சுட்டது. பெண் கொடுத்த வீட்டு மனிதரைக் கடையில் நிற்கவைத்துத் திருத்த நாக்கு எழவில்லை. காசிம் அண்ணன் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "சரி, எடுத்துக்கிடுங்க" என்று நான்கு சட்டைகளை மடித்துப் பையில் போட்டார்.

வெளியே வந்ததும் மச்சானுக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களா மாப்ள? நீங்கள்லாம் சும்மா ஏமாந்துக்கிட்டு இருக்கீங்க!"

மறுநாள் மீதிப் பணத்தை நீட்டினேன். காசிம் அண்ணன் தொடவே இல்லை. "மச்சான் முன்னால ஒங்க மொகம் வாடக்கூடாதுல்ல தம்பி. விடுங்க லா."

அவர் அப்படிச் சொல்லாமல் நாலு திட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு அவர் முகத்தில் விழிக்கக் கூசி, அலுவலகத்துக்குப் பின்வாசல் வழியாகப் போய்வந்தேன்.

அடக்கம் முடிந்து மகனின் கையைப் பிடித்தேன்.

"ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, அங்கிள். 'தம்பியோட மச்சானுக்குப் போயி வெலயக் கூட்டிச் சொல்லிட்டேன்போல. சும்மாவே குடுத்திருக்கணும். அதான் தம்பி இந்தப் பக்கமே வர்றதில்ல'ன்னு ஒரே வருத்தம் அத்தாவுக்கு."

திரும்பும்போது சூலியா தெரு வழியாகவே நடந்தேன். கடைக் கதவு சாத்தியிருந்தது. போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று அதன் முன்னால் நின்று வாய்விட்டுச் சொன்னேன்:

"நீங்க சொன்ன வெல சரிதான், அண்ணே. முப்பத்தஞ்சு சரிதான். நிம்மதியாப் போயிட்டு வாங்க."