கேள்வித்தாள் விளைந்த காடு

போன சாரலில் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் புலியருவிப் பக்கம் நடந்துவந்தபோது வேலியோரத்தில் கை பட்டு, முழங்கை வரைக்கும் அரிக்க ஆரம்பித்தது. குனிந்து பார்த்தேன். செந்தட்டி. மனைவி பதறிப்போய் மருந்துக்கடை தேட, நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். செந்தட்டி பட்டுச் சந்தோஷப்பட்டவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

நான் தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் படித்தேன். படித்தேன் என்பது கொஞ்சம் கூடுதல். செய்முறைத் தேர்வில் இரண்டு தடவை கோட்டடித்திருந்தேன். மேசைமேல் ஐந்து செடிகளை வைத்திருப்பார்கள். பெயரும் குடும்பமும் எழுதி, பூவை அறுத்துப் படம் போட வேண்டும். எனக்கோ முருங்கைக்கும் அகத்திக்குமே அவ்வளவு நிச்சயம் கிடையாது. மூன்றாவது தடவையும் போனால் மாமாவின் உரக்கடையில் மூட்டை தூக்கவேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். மாமாவின் வாய்க்குப் பயந்தே எனக்குத் தூக்கம் போயிற்று.

ஐந்து செடிகள் எவை என்பது பரம ரகசியம். ஆனால் அவற்றைப் பறித்துவருபவர் ஆய்வக உதவியாளர் சுடலைமுத்து அண்ணாச்சி. தேர்வுக்கு முந்தின நாள் காலையில் ஈரச்சாக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, கல்லூரிக்குப் பின்னால் கிடந்த தரிசுக்காட்டுக்குக் கிளம்புவார். அவர் எதைப் பறிக்கிறார் என்று ஒளிந்திருந்து குறித்துக்கொள்வது, தோற்றவர்கள் வழிவழியாகச் செய்துவந்த காரியம். அண்ணாச்சியும் லேசுப்பட்டவர் இல்லை. ஐந்து வேண்டிய இடத்தில் ஐம்பது பறிப்பார். தும்பை, நெருஞ்சி, கண்டங்கத்தரி, நாயுருவி, சிறுபூளை, கொழிஞ்சி என்று சாக்கு நிறையும். அந்தக் காட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. எது நிஜம், எது டூப் என்று கண்டுபிடிக்க முடியாது.

நானும், என்னைப் போலவே தோற்றிருந்த மாரியப்பனும் வரப்போரப் புதரில் பதுங்கியிருந்தோம். ஐந்தாவது நிமிஷம் கழுத்து அரித்தது. பிறகு இடுப்பு. அசைந்தால் காரியம் கெட்டுவிடும். அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"ஏலே, செந்தட்டிக்குள்ளயா உக்காந்திருக்கீய? வெளிய வாங்கலே, தடிச்சிரும்."

சொறிந்துகொண்டே எழுந்து வந்தோம். எத்தனை குறித்திருக்கிறாய் என்று கேட்டார். நாற்பத்தேழு என்றேன்.

"பெறகென்ன, அம்புட்டையும் படிச்சிட்டு வா."

வேறு வழியில்லாமல் படித்தேன். மறுநாள் மேசையில் மூன்றாவதாகச் செந்தட்டி இருந்தது. இரக்கப்பட்டு வைத்தாரா, குசும்புக்கு வைத்தாரா, இன்றுவரை தெரியாது. அதன் இலையில் இருந்து நம்மை அரிக்க வைக்கும் சுணையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவ்வளவு உணர்ச்சியோடு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். பாஸாகிவிட்டேன். மாமா வேறு ஆள் பார்த்துக்கொண்டார். கூத்தைப் பாருங்கள், இப்போது அதே கல்லூரியில், அதே துறையில் நான்தான் வாத்தியார்.

அந்தக் காட்டுக்கு முதலில் செங்கல் சூளைக்காரர்கள் வந்து மேல்மண்ணை வழித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் பள்ளத்தில் குவாரித் தூசியைக் கொட்டி நிரவி, மனைக்கல் நட்டார்கள். மனைகள் விற்கவில்லை. மழை மட்டும் வருஷா வருஷம் தவறாமல் பெய்கிறது. முளைக்கக் காத்திருக்கும் விதைகளில் பெரும்பாலானவை மேல்மண்ணில் ஒரு சாணுக்குள்தான் கிடக்கும் என்று நானே கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறேன். அந்த ஒரு சாண் மண் வெந்து, தென்காசியில் யார் யார் வீட்டுச் சுவராகவோ நிற்கிறது. பாடம் நடத்தும்போது அந்தக் காடு தெரியும் ஜன்னல் பக்கம் திரும்பவே எனக்கு வெட்கமாக இருக்கும்.

குற்றாலம் போனதற்கு முந்தின கார்த்திகையில் தேர்வுக்குச் செடி எடுத்துவரச் செல்வியை அனுப்பினேன். அண்ணாச்சியின் வேலைக்கு இப்போது வந்திருக்கும் பெண். பத்தே நிமிஷத்தில் திரும்பிவிட்டாள். பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் தவிர ஒன்றும் இல்லை என்றாள். நன்றாகப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"நம்பலைன்னா நீங்களே போய்ப் பாருங்க சார்."

போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் நடந்தேன். அவள் சொன்னது சரிதான். யாராவது பின்னால் ஒளிந்து வருகிறார்களா என்று இரண்டு மூன்று தடவை திரும்பியும் பார்த்தேன். ஒருவனும் வரவில்லை. என் மாணவர்கள் எல்லோரும் டீக்கடையில் இருந்தார்கள். ஒருவனைக் கூப்பிட்டு, நாளைக்கு என்ன செடி வரும் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும் சார்," என்றான் பணிவாக. "அங்கன ரெண்டுதான சார் இருக்கு."