பனமலை ஏரிக்கரையில் நின்றவர்

"சார், அப்பா தவறிட்டாருங்க. நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான். பேனருக்கு ஒரு போட்டோ வேணும். ஒண்ணாவே சுத்திக்கினு இருந்தீங்க, உங்ககிட்ட நெறய இருக்கும்னு அம்மா சொல்லுது" என்று சவரிமுத்துவின் மகள் போனில் அழுதாள். அனுப்புகிறேன் என்றேன். கணினியில் தேடத் தேட எனக்கு வியர்த்துவிட்டது. ஏழு வருடப் படங்களில் அவர் ஒன்றில்கூட இல்லை.

நம் புகைப்படக் குழுவில் அவரைத் தெரியாதவர் இல்லை. திண்டிவனத்திலிருந்து பைக்கில் மிக்சர், முறுக்குப் பாக்கெட்டுகளை ஊர் ஊராகக் கடைகளுக்குப் போட்டு வந்தவர். எந்தப் பாறைக்குப் பின்னால் சுனை இருக்கிறது, எந்த ஏரியில் எப்போது நாரை இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "கொடைக்கானலு எதுக்கு சார்? மேல்மலையனூர் தாண்டி வாங்க, நான் காட்டுறேன்" என்பார். காட்டினார். நாம் பெயர் வாங்கினோம். கேமராவை எடுத்ததும் எல்லோரும் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: "கொஞ்சம் தள்ளிக்குங்கண்ணே."

பனமலையில் ஒரு விடியற்காலை. மலைக்கோயில் ஏரியில் தலைகீழாகத் தெரிந்தது. அன்று அவர் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். "ஒரு ஓரமா நான் நிக்கட்டா சார்?" என்றார். நில்லுங்கள் என்று சொல்லி எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் படத்திலிருந்து அவரை அழித்துவிட்டேன். காட்சி சுத்தமாக இருக்க வேண்டுமாம், கலைஞனல்லவா நான்! மூலப்படத்தையும் வைத்துக்கொள்ளவில்லை.

விழுப்புரத்தில் நாம் வைத்த கண்காட்சிக்கு மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு கண்ணாடியில் விரலை வைத்து, "மேரி, இங்கதான் நான் நின்னுக்கினு இருந்தேன்" என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "பரவால்ல சார், எடம் நல்லா தெரியுது" என்று அவரே என்னைத் தேற்றினார். அன்றே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். டீ சாப்பிடலாம் வாங்க என்றேன்.

துக்க வீட்டுப் பேனரில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். யாரோ போல இருந்தார். நான் அவரை அழித்த கதையை மேரியம்மாவிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். "அது அவருக்கும் தெரியும் சார்" என்றவர், சற்றுக் கழித்து, "முப்பதாம் நாள் பூசைக்காவது சிரிச்ச மூஞ்சியா ஒண்ணு கெடைக்குமா?" என்று கேட்டார்.

நண்பர்களே, உங்கள் பழைய மெமரி கார்டுகளைத் தயவுசெய்து தேடிப் பாருங்கள். தள்ளிப் போகச் சொல்வதற்கு முன் தவறி அழுத்திய படம் ஒன்றாவது யாரிடமாவது இருக்கும். அவருடையதென்று என்னிடம் மிஞ்சியது பனமலைப் படம் மட்டும்தான். அதன் இடது ஓரத்தில், அவர் நின்ற இடத்தில், நான் பூசிய தண்ணீர் இருக்கிறது.