மின்விசிறி இல்லாத இரண்டு காட்சிகள்

அந்தப் படத்தில் கதாநாயகன் லண்டனுக்குப் போகிறான். விமானம் இறங்குகிறது, திரையில் "லண்டன்" என்று எழுத்து விழுகிறது, அடுத்ததாக அவன் ஓடிப்போய் ஏறுவது ஒஸ்லோவில் ஓடுகிற எங்கள் ஐந்தாம் இலக்க ரயிலில். முகப்பில் "வெஸ்ட்லி" என்று எழுதியிருந்தது. நான் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, அறையிலிருந்த மற்ற மூவருக்கும் காட்டினேன்.

"அப்ப இவன் பொம்பிளையைத் தேடி எங்கடை ஸ்டோவ்னருக்கோ வாறான்?" என்றான் ஒருவன்.

"வரட்டும். இந்தக் கிழமை சமையல் அவன்ரை முறை," என்றான் மற்றவன்.

"டேய் பிழைப் பொலிஸ், உந்த ரிமோட்டை வை. பாட்டுப் போகுது."

வெஸ்ட்லியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இருந்த வீடு அது. சனிக்கிழமைகளில் தமிழ்க் கடையில் வாடகைக்குப் படம் எடுத்து வருவோம். அவர்கள் படம் பார்ப்பார்கள், நான் பிழை பார்ப்பேன். சண்டையில் இடது கையில் பட்ட வெட்டு, ஆஸ்பத்திரியில் வலது கைக்குக் கட்டுப் போட்டிருக்கும். மழையில் நனைந்து வந்தவள் கதவைத் திறக்கும்போது தலைமயிர் காய்ந்திருக்கும். எனக்கு அவை தாமாகவே கண்ணில் படும்.

பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன் நான். ஒரு வேலையை ஒழுங்காகப் பழகியது நோர்வேயின் வடக்கு முனையில், பாட்ஸ்பியோர்டில், மீன் தொழிற்சாலையில். எங்களுக்கு முன்னால் ஒரு கண்ணாடி மேசை, அதன் அடியில் வெள்ளை வெளிச்சம் எரியும். தோல் உரித்த மீன் துண்டுகள் அதன்மேல் ஒவ்வொன்றாக வரும். வெளிச்சம் சதையை ஊடுருவும்போது உள்ளே முள்ளோ புழுவோ இருந்தால் மெல்லிய நிழலாகத் தெரியும். கத்தி நுனியால் எடுத்துவிட வேண்டும். மூன்று வருடம் அந்த மேசையில் நின்றேன். வேலையை விட்டு ஒஸ்லோவுக்கு வந்த பிறகும் கண் அந்த வேலையை விடவில்லை.

மற்றவர்கள் பிழைகளைக் கண்டு சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், ஆனால் திரும்பவும் பின்னால் ஓட்டிப் பார்ப்பேன். கதாநாயகி குடித்து முடித்த கோப்பை அடுத்த கணம் நிரம்பி இருக்கும். அவள் அதைப் பார்த்தபடியே கதைத்துக்கொண்டிருப்பாள், அவளுக்குத் தெரியாது. படத்துக்குள் இருக்கிற ஒருவருக்கும் தெரியாது. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் இரண்டு தரம் திரும்பி வருகிற ஆள் நான். என் கோப்பை வைத்த இடத்தில் இல்லையென்றால், யார் எடுத்தது என்று மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்டுத்தான் ஆறுவேன். யாராவது "நான்தான்" என்று சொன்னால் நிம்மதி. ஒருவரும் எடுக்கவில்லை என்றால் அன்றைக்கு நித்திரை இல்லை.

தம்பி காணாமல் போய் அப்போது ஏழு வருடம். சவர்க்காரம் வாங்கச் சைக்கிளில் போனவன். சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் அவனைக் கண்டவர்கள் இருந்தார்கள். அந்தப் பக்கம் கண்டவர்கள் இல்லை. அம்மா ஏறாத இராணுவ முகாம் இல்லை, கொடுக்காத மனு இல்லை. நான் பாட்ஸ்பியோர்டில் மீன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சண்டை நின்று, சமாதானம் என்று பாதை திறந்த காலத்தில் ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டினேன். எங்கள் மாதா கோயிலில், நல்ல வெயில் காலத்தில். அம்மா முன்வரிசை வாங்கில் இருந்தார். தனக்குப் பக்கத்தில் கைப்பையை வைத்து ஓர் ஆள் அளவு இடம் விட்டிருந்தார். யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

மனைவிக்கு விசா கிடைத்து அடுத்த குளிர்காலத்தில் ஒஸ்லோவுக்கு வந்தார். பெட்டிக்குள் மிளகாய்த்தூளுக்கும் சேலைகளுக்கும் நடுவில் கலியாண வீடியோவும் வந்தது. நான் அதே வெஸ்ட்லியில் தனியாக ஒரு சின்ன வீடு எடுத்திருந்தேன். அவர் வந்த முதல் சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. வெளியே இருட்டிவிட்டது. முன்கட்டடத்தின் யன்னல்களில் வெளிச்சம் எரிந்தது, பனி சத்தமில்லாமல் விழுந்தது. நாங்கள் தேத்தண்ணியோடு வீடியோவைப் போட்டோம்.

சுவாமியார் வாசிக்கிறார். கமரா எங்களை விட்டுச் சனத்தின் பக்கம் திரும்புகிறது. மூன்றாம் வாங்கில், தூணுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சேட்டோடு தம்பி இருந்தான்.

நான் நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன். திரும்பவும் இருந்தான். முழங்காலில் கை வைத்து, பூசை எப்போது முடியும் என்கிற அவனுடைய பழைய முகத்தோடு.

"ஆரப்பா அது?" என்றார் மனைவி. அவர் தம்பியை நேரில் கண்டதில்லை. அம்மாவின் வீட்டுச் சுவரில் படமாகத்தான் தெரியும். நான் திரையில் அவனுடைய முகத்துக்கு நேரே விரலை வைத்தேன். அவரும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

தொடர்ந்து ஓடவிட்டேன். பாடகர் குழு பாடும்போது இன்னொரு தரம் வந்தான், அதே வாங்கில், இந்த முறை தலையைத் திருப்பி யாரையோ பார்த்துக்கொண்டு. பிறகு கடைசியில், நாங்கள் இருவரும் காரில் ஏறுகிறோம், சனம் பூத் தூவுகிறது. கார்க் கதவுக்கு அப்பால், கேற்றுக்குப் பக்கத்தில் ஒருவன் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறான். அரை முகம். நிறுத்தினால் முகம் கலங்கிப்போகிறது, ஓடவிட்டால் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

"வந்திருக்கிறான்," என்றேன். "உயிரோடைதான் இருக்கிறான். வந்து, எங்களோடை கதைக்காமல் போயிருக்கிறான்."

அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலமாக நான் அறைக்குள் நடந்தேன். ஏன் முன்னுக்கு வரவில்லை, யாருக்குப் பயந்தான், எங்கே தங்குகிறான். அம்மா பக்கத்தில் இடம் விட்டிருந்தாரே, அதைக் கண்டிருப்பானே. யாரையோ எழுப்பிவிடக்கூடாது என்பது போல மனைவி சத்தமில்லாமல் அந்த முதல் இரண்டு இடங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வாங்கோ. கோவிக்காதேங்கோ. நீங்கள் எல்லாப் படத்திலையும் பிழை பிடிக்கிறவர் எண்டு உங்கடை சிநேகிதர் சொன்னவை."

"அதுக்கு?"

"மேலை பாருங்கோ. ஃபான் இல்லை."

எங்கள் கலியாணத்தன்று கோயிலில் நான்கு மின்விசிறிகள் சுற்றின. அது அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய முக்காடு பறந்து பறந்து, பெரியம்மா பின்னால் நின்று ஊசி குத்தியவர். தம்பி இருந்த அந்த இரண்டு காட்சிகளிலும் கூரையில் ஒன்றும் இல்லை. கொக்கிகூட இல்லை. ஊரில் மின்சாரமே இல்லாத காலத்துக் கோயில் அது.

புழு எடுக்கிற கண் என்னுடையது. நிறுத்தி நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்த்தும் அந்தக் கூரையைக் காணவில்லை.

அடுத்த நாள், அம்மா பூசைக்குப் போய்வந்து சாப்பிட்டிருப்பார் என்ற நேரத்துக்குத் தொலைபேசி அட்டையின் இலக்கத்தைச் சுரண்டி எடுத்து ஊருக்கு அழைத்தேன்.

"அம்மா, கலியாண வீடியோவிலை சின்னவன் இருக்கிறான்."

அம்மா கதிரையை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"கண்டிட்டியே, ராசா."

"நீங்களோ போடச் சொன்னது?"

"ஓம். முன்வீட்டுப் பெட்டையின்ரை கலியாணமும் இதே கோயில், இதே வீடியோக்காரன். அதுக்குச் சின்னவனும் போனவன். பழைய கசெற்றை அவன் கவனமா வைச்சிருந்தவன். எங்கையாவது கொஞ்சம் செருகிவிடு தம்பி எண்டு கேட்டனான். பாவம், மறுக்கேல்லை. தமையன்ரை கலியாணத்திலை அவன் இல்லாட்டில் எப்பிடி மோனை?"

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நான் நேற்று முழுக்கப் பைத்தியக்காரன் மாதிரி நடந்தனான். அந்தக் காலத்திலை கோயில்லை ஃபானே இல்லை அம்மா."

"கலியாண வீடியோவிலை ஃபானை ஆர் பாக்கினம்? உன்னை மாதிரி ஒண்டு இருக்குமெண்டு வீடியோக்காரனுக்குத் தெரியுமே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

"ரண்டே ரண்டு இடம்தான் போடச் சொன்னனான்," என்றார் அம்மா. "சுவாமியார் வாசிக்கேக்கை ஒண்டு. பாட்டுக்காரர் பாடேக்கை ஒண்டு."

யன்னலுக்கு வெளியே பனி விழுவது நின்றிருந்தது. மனைவி குசினியில் தண்ணீர்க் குழாயைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

"வாசலிலை?" என்றேன்.

"வாசலிலையோ?"

"நாங்கள் காரிலை ஏறேக்கை. கேற்றடியிலை."

அந்தக் காட்சியில் நானும் மனைவியும் இருக்கிறோம். எங்கள் மேல் பூ விழுகிறது. அதைப் பழைய கசெற்றிலிருந்து எடுத்திருக்க முடியாது. சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று விளங்கியது. இத்தனை வருடம் முகாம் முகாமாக ஏறி இறங்கிய மனுசி. ஓர் அரை முகத்தைக் கொடுத்து திரும்பவும் றோட்டில் இறக்கிவிடப் பார்க்கிறேன்.

"இல்லையம்மா," என்றேன் அவசரமாக. "அது ஆரோ வேறை ஆள். எனக்குத்தான் பிழையாத் தெரிஞ்சிருக்கு."

அட்டையில் ஒரு நிமிடம்தான் மிச்சம் என்று இடையில் ஒரு பெண் குரல் சொன்னது.

"சைக்கிளோடை நிக்கிறவனோ?" என்றார் அம்மா.

நான் சைக்கிளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

"ஓம்," என்றேன்.

"நானும் ஆரோ வேறை ஆள் எண்டுதான் நினைச்சனான்," என்றார். அதோடு அட்டை முடிந்துவிட்டது.