சொறி டீச்சரின் சீசா

மாமியார் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது தையல் கடை வாசலில். "சொறி டீச்சர் வீடு எதுங்க?" என்று ஒரு பிள்ளையின் அப்பா விசாரித்தார்.

அந்தத் தெருவில் டீச்சர் என்றால் மருமகள் ஒருத்திதான். மாமியாருக்குச் சுருக்கென்றது. "யாருக்குய்யா சொறி? என் மருமக உடம்புல ஒரு மரு கிடையாது!"

சொறி மருமகளுக்கு இல்லை, மாவிலைக்கு. இலையில் மரு மாதிரிப் புடைத்திருக்குமே, அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. கடுகிலும் சின்ன ஈ ஒன்று முட்டையிட, அதன் புழுவுக்கு இலையே கட்டிக்கொடுக்கும் வீடுதான் அந்தப் புடைப்பு என்று ஏழாம் வகுப்புக்கு அவள் நடத்திக்கொண்டிருந்தாள்.

ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. வருகிற திங்கட்கிழமை கல்வி அதிகாரி வந்து வகுப்பில் உட்காருவார். அவருக்குத் திருப்தியானால் நிரந்தரம், இல்லாவிட்டால் வருஷக் கடைசியோடு சீட்டுக் கிழிந்துவிடும். ஈ வெளியே வந்தால் அவர் முன்னால் காட்டலாம் என்று புடைத்த இலைகளைச் சீசாவில் போட்டு, வாயில் துணி கட்டி, அடுப்படி ஜன்னலில் வைத்தாள். அப்புறம் இருப்புக் கொள்ளவில்லை. குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டாள், ஒரு நாள் போடவே இல்லை.

"நீ பொறந்தப்போ உங்கப்பாகூட ஆஸ்பத்திரியில இப்படி நடந்திருக்க மாட்டாரு. உட்காருடி!" என்றாள் மாமியார்.

திங்கள் காலையில் சீசாவுக்குள் கறுப்பாக நாலைந்து பொடிசுகள். அணைத்துக்கொண்டு ஓடினாள்.

கரும்பலகையில் 'ஈ' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பூதக்கண்ணாடியைச் சுற்றுக்கு விட்டாள். முதல் பெஞ்சுக்காரி நிமிர்ந்தாள். "டீச்சர், ஈக்கு ரெண்டு றெக்கைன்னு நீங்கதானே சொன்னீங்க? இதுக்கு நாலு இருக்கே!"

அதிகாரியின் பேனா நின்றது. அவள் வாங்கிப் பார்த்தாள். நாலுதான். இடுப்பும் ஒடுங்கியிருந்தது. குளவி. எங்கிருந்தோ வந்து விழுந்த பூச்சி என்று சமாளிக்க வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நான் எழுதினது தப்பு," என்று பலகையை அழித்தாள். மிச்சமிருந்த புடைப்புகளைப் பிளேடால் கீறினாள். ஒன்றில் ஈயின் புழு. அடுத்ததில் அந்தப் புழுவைத் தின்றுகொண்டிருந்தது குளவியின் புழு. அதிகாரி எழுந்து வந்து குனிந்து பார்த்தார், நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் கேட்ட மாமியார் விழுந்து விழுந்து சிரித்தாள். "வீட்டைக் கட்டினவன் ஒருத்தன், கதவைத் தொறந்துக்கிட்டு வர்றவன் இன்னொருத்தனா? என் சின்னக் கொழுந்தன் வீட்டை வாடகைக்காரன் அமுக்கிக்கிட்ட கதையால்ல இருக்கு!"

மருமகள் சிரிக்கவில்லை. இரண்டு மாதம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். கடிதம் வந்த அன்றும் நின்றபடியேதான் பிரித்தாள்.

இப்போது இரண்டு பஸ் மாறிப் போகும் பெரிய பள்ளியில் நிரந்தர அறிவியல் டீச்சராக இருக்கிறாள்.