பைக்குப் போன ஜிப்பு

மருமகள் வேலை பார்க்கும் அடுக்குமாடியின் வாசலில், தினமும் கிளம்பும்போது பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்களாம். தில்லியில் நாங்கள் இருந்த ஜங்புரா கேம்ப் குடிசைகளை இடித்து எங்களை ஊர்க்கோடிக்கு அனுப்பிய பிறகு, பஸ் மாறி மாறிப் போய் அங்கே பாத்திரம் தேய்க்கிறாள். நேற்று சோற்று டப்பாவையும் திறக்கச் சொன்னானாம் காவலாளி. "விடுங்க மாமா, எல்லாருக்கும்தான் பாக்குறாங்க" என்கிறாள். எல்லாருக்கும் என்றால்? அங்கே குடியிருப்பவர்கள் கார் டிக்கியைத் திறந்து காட்டிவிட்டா போகிறார்கள்?

அவள் பையில் ஜிப்பு இருக்கிறது. ஜிப்பு வைத்த பையைப் பார்த்தாலே எனக்கு என் பேண்ட்டுதான் ஞாபகம் வரும்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயசு. கேம்ப்பில் பையன்களுக்கு அரை டிராயர்தான். பொத்தான் போனால் அரைஞாண் கயிற்றில் செருகிக்கொள்வோம். தில்லிக் குளிரில் முழங்கால் இரண்டும் சாம்பல் பூத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட எனக்கு, அம்மா வேலை செய்த ஏதோ ஒரு வீட்டிலிருந்து பழுப்பு நிறத்தில் முழுக்கால் பேண்ட் வந்தது. பித்தளை ஜிப்பு. இழுத்தால் சர்ரென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகப் பையன்கள் காத்து நிற்பார்கள். ஒரு கோலி கொடுத்தால் ஒரு இழுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலாச் சாக்கடை ஓரம் விளையாடிவிட்டு வந்தால், துவைத்துக் காயப்போட்டிருந்த பேண்ட் அம்மாவின் மடியில் கிடக்கிறது. ஜிப்பைப் பிளேடால் பிரித்து எடுத்துவிட்டாள். பக்கத்தில் அப்பாவின் பழைய காக்கிச் சட்டைத் துணி.

"என் ஜிப்பு."

"உனக்குப் பொத்தான் வெச்சித் தரேன். எனக்குப் பை தைக்கணும்."

"பழைய பை இருக்குதே."

"அது வாயத் தொறந்துகினு கெடக்கு."

பை என்றால் வாயைத் திறந்துகொண்டுதானே இருக்கும்? அப்பாவிடம் முறையிட்டேன். "உங்கம்மா பைக்கடை வெக்கப் போறா, வுடுடா" என்று பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நியாயம் கேட்க வேறு ஆள் இல்லை.

அம்மா துணியின் இரண்டு ஓரத்திலும் ஜிப்பை வைத்துக் கையாலேயே தைத்தாள். உள்புறம் வெளியே வரும்படி மடித்து, இரண்டு பக்கமும் நெருக்கித் தையல் போட்டு முடிச்சிட்டாள். அப்புறம் பையைத் திருப்பப் பார்த்தாள். திரும்பவில்லை. ஜிப்பு மூடிக் கிடந்தது. பிடித்து இழுக்கும் நாக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. ஜிப்பைத் திறந்துவிட்டு அல்லவா பக்கங்களைத் தைத்திருக்க வேண்டும்.

"நல்லா வேணும்" என்றேன்.

அடி விழும் என்று ஒதுங்கினேன். அவள் ஒரு பக்கத்தைப் பிரித்து, விரலை விட்டு ஜிப்பைத் திறந்து, மறுபடி தைத்துத் திருப்பினாள். அதோடு விட்டாளா? உள்ளும் புறமுமாகத் திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் என்னையும் வேலைக்கு அழைத்துப் போனாள். மாடி வைத்த வீடு. அந்த வீட்டுக்கார அம்மாவை, பீபிஜியை, எனக்குப் பிடிக்கும். நாங்கள் கிளம்பும்போது அந்தம்மா கேட் வரை வந்து அம்மாவின் பைக்குள் கையை விட்டுத் துழாவும். சில நாள், துழாவிய பிறகு மிச்சப் பூரியைக் காகிதத்தில் சுற்றி உள்ளே போடும். பூரிக்கு இடம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது என்று நினைத்திருந்தேன்.

அன்றும் கை வந்தது. ஜிப்பில் முட்டி நின்றது.

"யே க்யா ஹை?" இது என்ன என்று கேட்டது அந்தம்மா.

"தைலா, பீபிஜி" என்றாள் அம்மா. பைதான், நானே திறந்து காட்டுகிறேன் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள்.

சர்ரென்று இழுத்தாள். என் பேண்ட்டின் சத்தம். சீப்பு, வெற்றிலைச் சுருக்குப்பை, ஈரத் துணி, ஒவ்வொன்றாக எடுத்து மதில்மேல் வைத்தாள். பிறகு பையை உள்புறம் வெளியே வரத் திருப்பி, அந்தம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்து உதறினாள். ஜிப்பின் ஓரத்தில் பழுப்புத் துணி நூல்நூலாகத் தொங்கியது. எதிர்வீட்டு டிரைவர் கார் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அச்சா, அச்சா, ஜாவ்" என்று போகச் சொல்லிக் கையை வீசிவிட்டு அந்தம்மா உள்ளே போய்விட்டது.

வழியில் எனக்குத் தாங்கவில்லை. "அவ்ளோ காலியா காட்டினியே, ஒரு பூரிகூட வெக்கல பாரு."

"இனிமே வெக்க மாட்டாங்கடா."

"எல்லாம் உன் ஜிப்பாலதான்."

"ஆமா" என்றாள்.

ஜிப்பும் போச்சு, பூரியும் போச்சு. கேம்ப் வரை நான் பத்தடி பின்னாலேயே நடந்தேன். என்னைச் சமாதானப்படுத்த வேண்டியவள், அந்தப் பையை வீசி வீசி ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். பூரியைக் கோட்டைவிட்டவளுக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.