மீன் வராத வீடு

மேல் வீட்டில் மீன் வறுக்கிறார்கள். மனைவி ஜன்னலைச் சாத்த எழுந்தாள். வேண்டாம் என்றேன்.

பஹ்ரைன் ஈசா டவுனில் நான் வளர்ந்த வீட்டில் மீன் இல்லாத நாள் கிடையாது. அப்பாவும் அம்மாவும் கடற்கரைக்காரர்கள். அப்பா வாங்கி வரும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து அம்மா குறை சொல்வாள், அப்பா கத்துவார். சண்டை ஓய்வதற்குள் குழம்பு கொதித்துவிடும்.

தோஹாவில் வேலை பார்த்த அண்ணனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து வீட்டுக்கு அழைத்து வந்ததும் எல்லாம் நின்றது. மருந்து ஏறிய உடம்புக்கு மீன் வாசனையே குமட்டியது. நர்ஸான அம்மா வீட்டையும் வார்டு போல ஆக்கிவிட்டாள். அவளும் அப்பாவும் மெதுவாக, மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

"சாப்பிட்டியா?"

"நீங்க?"

நோயைவிட அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது.

ரத்தத்தில் இனி நோய் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் அவர்கள் குரல் உயரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் கட்டிலில் இருந்தபடியே கேட்டான்: "எம்மா, இன்னைக்கு மீன் கொழம்பு வச்சா என்ன?"

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிய அப்பா, ஒரு பெட்டி நிறைய ஷேரி மீனோடு திரும்பினார். அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? நேத்து பிடிச்ச மீனு! இம்புட்டையும் யாரு திங்க?"

"அப்ப நீயே கடலுக்குப் போயி பிடிச்சிட்டு வாட்டி!"

பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று நான் கதவைச் சாத்தப் போனேன்.

"தொறந்தே கெடக்கட்டும்லே," என்றான் அண்ணன்.